ஆடிக் காற்றும் பெட்ரோல் கணக்கும்

கார் வைத்திருப்பவரைக் கண்டால் எங்கள் பக்கத்தில் நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி, "வண்டி என்ன மைலேஜ் குடுக்குதுங்க?" என்பது. நானும் பல ஆண்டுகள் "பதினெட்டுக்குக் கொறையாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி ஒற்றை எண்ணைச் சொல்ல மனம் வருவதில்லை. 2016இல் வாங்கிய என் 1,200 சிசி பெட்ரோல் காருக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். அதைப் புரட்டினால், ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர், பெரும்பாலும் ஒரே சாலை என்றிருந்தும், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் முதல் 20 கிலோமீட்டர் வரை எல்லா எண்களும் அதில் இருக்கின்றன. அந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்று தேடியதில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

நோட்டு வைக்கும் பழக்கம் பெரியப்பாவிடமிருந்து வந்தது. அவர் சங்ககிரியில் லாரி வைத்திருந்தவர். ஓட்டுநராகவும் உரிமையாளராகவும் முப்பது ஆண்டுகள் டீசலோடு வாழ்ந்தவர். லாரித் தொழிலில் டீசலே பெரிய செலவு என்பதால், ஒவ்வொரு நடைக்கும் எத்தனை லிட்டர் போயிற்று என்பதை அவர் வாடகைக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வைப்பார். நான் கார் வாங்கி வந்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணு, முள்ளைப் பாத்துக் கணக்குப் போடாத. டேங்க்கை நெப்பு, ஓட்டு, மறுபடியும் நெப்பு. நெப்புறப்ப எத்தன லிட்டர் புடிச்சுதோ அதுதான் கணக்கு."

நம்பத்தக்க வழி இன்றைக்கும் அதுதான். டேங்க்கை நிரப்பும்போது, பங்க்கில் குழாய் தானாக முதல் முறை நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். ஊழியர் "ரவுண்டாப் போட்டுறலாங்களா?" என்று கேட்டு மேலும் இரண்டு முறை அழுத்தினால் அரை லிட்டர் கூடப் போய்விடும், 30 லிட்டர் கணக்கில் அதுவே ஒன்றரை விழுக்காட்டுப் பிழை. முடிந்தவரை ஒரே பங்க்கில், ஒரே இயந்திரத்தில் போட்டுக்கொண்டு, மூன்று நிரப்புதல்களையாவது சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. காரின் திரை காட்டும் மைலேஜை மட்டும் நம்பிவிடக் கூடாது. என் காரின் திரை, நோட்டுக் கணக்கைவிட ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரை எப்போதும் கூட்டியே காட்டுகிறது.

காரை வாங்கும்போது சொல்லப்படும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. புனேயில் 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில், காரை உருளைகளின் மேல் நிறுத்தி, 1,180 வினாடிகளுக்கு வகுக்கப்பட்ட ஓட்ட முறைப்படி, 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஏசியை அணைத்துவிட்டு எடுத்த எண்கள்தான் இத்தனை காலமும் விளம்பரங்களில் வந்தவை. அதைப் பொய் என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாக் கார்களுக்கும் ஒரே சோதனை என்பதால், இரண்டு கார்களை ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஆனால் அந்த அறைக்குள் எதிர்க்காற்றும் வேகத்தடையும் சிங்காநல்லூர் சிக்னலும் கிடையாது.

காற்றின் கணக்கு எனக்குப் புரிந்ததற்குக் காரணம் நான் வாரந்தோறும் போய்வரும் சாலைதான். வேலை கோயம்புத்தூரில், வீடு காங்கேயத்தில். வெள்ளிக்கிழமை மாலை சூலூர், பல்லடம் வழியாகக் கிழக்கே போய், ஞாயிற்றுக்கிழமை மாலை அதே வழியில் மேற்கே திரும்புவேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் சுவராக நிற்க, நடுவே பாலக்காட்டுக் கணவாய் வாசல்போலத் திறந்திருப்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்து கொங்கு நாட்டின் குறுக்கே கிழக்கு நோக்கி வீசுகிறது. பல்லடம், உடுமலைப்பேட்டை, தாராபுரம் பக்கங்களில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கு அந்தக் காற்றே காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வளர்ந்த நாம், அந்தக் காற்றுக்கு எதிராக ஒரு காரைச் செலுத்த எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

ஓராண்டு ஆனியிலும் ஆடியிலுமாக எட்டு வாரங்கள், போகும்போதும் வரும்போதும் தனித்தனியாக டேங்க்கை நிரப்பிக் கணக்கெடுத்தேன். ஒருமுறைக்கு நான்கு லிட்டர்தான் பிடிக்கும் என்பதால் ஒரு வாரக் கணக்கில் பிழை கூடுதலாக இருக்கும். அதனால் எட்டு வாரங்களையும் கூட்டியே பார்த்தேன். காற்று முதுகைத் தள்ள, காங்கேயம் போன 600 கிலோமீட்டருக்கு 31 லிட்டர் ஆயிற்று. காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் திரும்பிய 600 கிலோமீட்டருக்கு 38 லிட்டர். அதாவது ஒரு பக்கம் லிட்டருக்கு 19.4, மறுபக்கம் 15.8. மார்கழி, தை மாதங்களில் இதையே திரும்பச் செய்தபோது இரண்டு பக்கமும் பதினெட்டரையை ஒட்டியே வந்தன.

இதில் ஒரு பங்கு நிலத்தின் சரிவால் வருவது. நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப்பக்கம் தோன்றிக் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்வதிலிருந்தே, கோயம்புத்தூர் மேட்டில் இருப்பது விளங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்றம் 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு ஆகும் பெட்ரோல் 150 மில்லியைத் தாண்டாது. மீதி வேறுபாட்டில் பெரும்பகுதி காற்றால் வருவது. காரை எதிர்க்கும் காற்றின் விசை, காற்றுக்கும் காருக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை 20 கிலோமீட்டர் வேகக் காற்று எதிர்த்து வீசினால், கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எப்படியோ அப்படியே காற்று அதை எதிர்க்கும். அந்த விசை ஒன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். காற்று பின்னாலிருந்து வந்தால் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு உரிய எதிர்ப்புதான்.

போகும்போது கிடைத்த ஆதாயம் வரும்போது ஏற்பட்ட நட்டத்தை ஈடுகட்டிவிடும் என்று முதலில் நினைத்திருந்தேன். ஈடுகட்டவில்லை. ஆடிக் கணக்கில் இரண்டு வழிகளையும் கூட்டினால் லிட்டருக்கு 17.4தான் வருகிறது, தையில் வந்த பதினெட்டரை எட்டவில்லை. வர்க்கக் கணக்கின் இயல்பே அதுதான்: எதிர்க்காற்றில் கூடும் விசை, பின்காற்றில் குறையும் விசையைவிட எப்போதும் பெரியது. காற்று அடிக்கும் மாதத்தில் போய்வந்தாலே செலவு கூடும். ஆடியில் "வண்டி மைலேஜ் கொறஞ்சு போச்சு" என்று சர்வீசுக்கு விடுபவர்கள் முதலில் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

காற்றை நம்மால் நிறுத்த முடியாது. நம் வேகத்தைக் குறைக்க முடியும். சிறிய கார் ஒன்று 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் உழைப்பில் பாதிக்குக் குறையாமல் காற்றைத் தள்ளுவதிலேயே போகிறது. அதற்கு மேல் கூட்டும் ஒவ்வொரு பத்துக் கிலோமீட்டருக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். கோயம்புத்தூரிலிருந்து சேலம் வரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அவிநாசியைத் தாண்டிவிட்டால் சாலை நன்றாக இருப்பதால் கால் தானாகவே அழுந்தும். அதே திசையில், அதே பருவத்தில் 80இல் போன நாட்களில் எனக்கு லிட்டருக்கு 19ஐ ஒட்டி வந்தது. 100இல் போன நாட்களில் பதினைந்தரை வந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ இரண்டு லிட்டர் வேறுபாடு. மிச்சமாகும் நேரம் அதிகபட்சம் 24 நிமிடம். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த 24 நிமிடம் எந்த விலைக்கும் தகும். கல்யாண வீட்டுக்குப் பந்தி தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருவதற்காக இருநூறு ரூபாயைக் காற்றில் விட வேண்டுமா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். விலை தெரிந்து தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். பழனிக்குப் போக மாட்டிய மேற்கூரை கேரியரை ஊர் திரும்பியும் கழற்றாமல் விட்டுவைப்பவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். வெறும் கேரியர்கூட நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைப் பிடித்து இழுக்கும்.

ஊருக்குள் வந்துவிட்டால் காற்றின் கணக்கு சுருங்கிப் பிரேக்கின் கணக்கு விரிகிறது. பெரியப்பா அடிக்கடி சொல்வார்: "பிரேக்கு மிதிக்கறப்பெல்லாம் டீசலத் தரையில ஊத்தறோம்னு நெனச்சுக்கோணும் கண்ணு." ஓட்டுநர்கள் சொல்லும் பேச்சு என்று வெகுநாள் விட்டிருந்தேன். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்தை வைத்து ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. ஆளோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள காரை 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 106 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருந்தாலும், அதில் நான்கில் ஒரு பங்கு அளவே சக்கரத்துக்கு வந்து சேர்கிறது. மற்றது ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. அதையும் சேர்த்தால், ஒருமுறை நின்று மீண்டும் 50ஐத் தொடுவதற்கு 13 மில்லி பெட்ரோல் ஆகிறது. இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் ஊற்றிக் குடிக்கிறோமே, ஏறத்தாழ அந்த அளவு. 80இலிருந்து நின்று மீண்டும் 80க்கு வந்தால் 34 மில்லி.

சிங்காநல்லூரிலிருந்து காங்கேயம் வருவதற்குள் சிக்னல், பேருந்து நிறுத்தம், வேகத்தடை, திடீரென்று திரும்பும் டிராக்டர் என்று நாற்பது இடங்களில் பிரேக்கை அழுத்தினால் அரை லிட்டர் அப்படியே பிரேக் தட்டின் சூடாக மாறிவிடும். நான்கு லிட்டர் பயணத்தில் அரை லிட்டர். பிரேக் போடாமல் ஓட்டச் சொல்லவில்லை. வேகத்தடை இருக்கும் இடம் தெரிந்த சாலையில் 200 மீட்டருக்கு முன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், காரின் வேகத்தில் இருக்கும் ஆற்றலே அந்த 200 மீட்டரையும் கடத்திக் கொடுத்துவிடும். சிவப்பு விளக்கை நோக்கி விரைந்துபோய் நிற்பதால் யாருக்கும் எதுவும் கிடைப்பதில்லை. முன்னால் போகும் வண்டியோடு ஒட்டிப் போனால் அவர் பிரேக் போடும்போதெல்லாம் நாமும் போட வேண்டும். சற்று இடைவெளி விட்டால் பாதி பிரேக் தேவைப்படாது. என் நோட்டில் மிக அதிக மாற்றத்தைக் கொண்டுவந்த பழக்கம் இதுதான். இதற்காக நான் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை.

கியரை இறுக்கிப் பிடித்துச் சத்தத்தோடு ஓட்டுவதும் கேடு. அதே வேகத்தை மேல் கியரில், குறைந்த சுழற்சியில் எடுத்தால் இன்ஜின் குறைவாகவே குடிக்கும். அதற்காக ஐந்தாவது கியரில் 35இல் போய் வண்டியை உதற வைக்கவும் கூடாது.

மலைப்பாதைக்கு வேறொரு கணக்கு உண்டு. அதில் ஒரு தவறான நம்பிக்கை உயிரைப் பறிக்கக் கூடியது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 326 மீட்டர் உயரத்திலும் உதகை ரயில் நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. நான்கு பேரோடு 1,300 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே இரண்டரை முதல் மூன்று லிட்டர் பெட்ரோல் ஆகும்; வளைவுகளில் குறைத்துக் கூட்டுவதும் சக்கர உராய்வும் தனி. ஏறும்போது மைலேஜ் பத்துக்குக் கீழே போனால் பதற வேண்டாம். வண்டியில் குறை எதுவும் இல்லை.

அந்த நட்டத்தை இறக்கத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்து நியூட்ரலில் இறங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இப்போதைய இன்ஜெக்டர் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதை உணர்ந்து கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. சுழற்சி ஓர் அளவுக்குக் கீழே வரும்போதுதான் மீண்டும் விடுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணைந்துவிடாமல் இருக்கவே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆகவே இரண்டு மணி நேர இறக்கத்தில் நியூட்ரல் போட்டவர் ஒரு லிட்டருக்கு மேல் செலவழிக்கிறார். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குபவர் அதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்துகிறார். அதைவிட முக்கியம், இன்ஜினின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கும்போது பிரேக் சூடேறி வலுவிழக்கும். இன்ஜினையே அணைத்துவிட்டால் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தமும் போய்விடும். 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வால்பாறைச் சாலையிலும், 27 வளைவுகள் உள்ள திம்பத்திலும், 70 வளைவுகள் உள்ள கொல்லிமலையிலும் அது விளையாட்டன்று.

கணினி இல்லாமல், கார்புரேட்டர் என்ற கருவியே காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுத்த காலத்தில் சரியாக இருந்த வேறு சிலவும் இன்று அப்படியே சொல்லப்படுகின்றன. ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அன்று காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும். இன்று சென்சார் காற்றை அளந்து அதற்கேற்பவே பெட்ரோலை விடுவதால், அடைத்த ஃபில்டர் வண்டியின் இழுவையைக் குறைக்குமே தவிர மைலேஜைப் பெரிதாகக் குறைக்காது. டயரில் நைட்ரஜன் அடைத்தால் மைலேஜ் கூடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். காற்றின் அளவு சரியாக இருப்பதே முக்கியம். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் அளவை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்த்து வைக்க வேண்டும். நான்கு டயரிலும் பத்து பி.எஸ்.ஐ. குறைந்திருந்தால் மைலேஜில் இரண்டு, மூன்று விழுக்காடு போகும். அதைவிடப் பெரிய இழப்பு, டயரின் ஓரங்கள் தேய்ந்து சீக்கிரம் மாற்ற வேண்டி வருவது. காலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்று விடியற்காலையில் பங்க்குக்குப் போவதாலும் பயனில்லை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே விரியும். நிலத்துக்கடியில் இருக்கும் தொட்டியில் அந்த ஒரு டிகிரிகூட ஒரே நாளில் எளிதில் மாறாது.

ஏசியைப் பொறுத்தவரை சித்திரை, வைகாசி மாதங்களில் என் கணக்கில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைகிறது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது அதன் பங்கு கூடும். சாலையில் ஓடும்போது குறையும். வெயிலில் நின்ற காரின் கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுகிறேன். அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த ஒரு கிலோமீட்டரை நான் கணக்குப் பார்ப்பதில்லை.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிடும்போது ஆறு, ஏழு விழுக்காடு குறைவதுதான் கணக்கு. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையும் பழைய வகைக் கார்களுக்கு அதே அளவைச் சொல்கிறது. 10 விழுக்காடு கலப்பிலிருந்து 20க்கு மாறியவருக்கு அதில் பாதி அளவே குறைய வேண்டும்: 18 வந்த வண்டிக்கு 17.4. அதற்கு மேல் குறைந்திருந்தால் காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும்.

அப்படித் தேட வேண்டிய நிலை எனக்கும் ஒருமுறை வந்தது. ஒரு பணிமனையில் முன்சக்கரப் பிரேக் கட்டைகளை மாற்றி எடுத்துவந்த பிறகு, தொடர்ந்து இரண்டு நிரப்புதல்களில் கணக்கு 15க்கு வந்து நின்றது. மாதம் மாசி, காற்று இல்லை, ஏசியும் அதிகம் போடவில்லை. விட்ட இடத்தில் விசாரித்தால் "ஓட ஓட செட்டாயிருங்க" என்றார்கள். நோட்டு இல்லாதிருந்தால் நானும் நம்பியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சூலூரைத் தாண்டியதும் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இடப்பக்க முன்சக்கரம் மட்டும் அனலாக வீசியது. சமதளத்தில் நியூட்ரலில் தள்ளிப் பார்த்தபோது வண்டி எளிதில் நகரவில்லை. மறுநாள் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். பிரேக் கட்டையைப் பிடித்திருக்கும் காலிப்பரின் 'பின்' என்ற ஊசி இறுகிக்கொண்டு, பிரேக் கட்டை தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் பின்னைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. அடுத்த மூன்று நிரப்புதல்களின் சராசரி 18.2.